வேலை முடிந்த பிறகும் ஆழ்கடல் முக்குளிப்பாளர்கள் ஏன் நாட்கணக்கில் அறைக்குள் அடைந்திருக்கிறார்கள்?

வடகடலில் எண்ணெய்க் குழாய்களை இணைக்கவும் வால்வுகளை மாற்றவும் 100 மீட்டர் ஆழம்வரை இறங்குகிறவர்கள், கப்பலில் கடலடிக்கு இணையான அழுத்தம் ஏற்றிய அறைக்குள்ளேயே 28 நாட்கள் வரை வாழ்கிறார்கள். அங்கிருந்து ஒரு மூடிய கலம் அவர்களைக் கடலடிக்கு இறக்கி, மீண்டும் அதே அறைக்குக் கொண்டுவருகிறது.

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் வாயு இரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடுகிறது. சோடா பாட்டிலை நினைத்துப் பாருங்கள்: மூடியிருக்கும்வரை குமிழி தெரியாது, சட்டென்று திறந்தால் பொங்கிவிடும். உடலுக்குள் அப்படிப் பொங்கினால் மூட்டுவலி, பக்கவாதம், மரணம்கூட நேரலாம். அதனால்தான் 100 மீட்டர் அழுத்தத்திலிருந்து மெல்ல மெல்ல வெளியே வர நான்கைந்து நாட்கள் ஆகின்றன. உடல் முழுக்க வாயு நிறைந்துவிட்ட பிறகு, எத்தனை நாள் கூடுதலாகத் தங்கினாலும் இந்தக் காலம் நீளாது. தினமும் சாதாரண அழுத்தத்துக்குக் கொண்டுவராமல் அழுத்தத்திலேயே வைத்திருப்பது இதற்காகத்தான்.

1983 நவம்பர் 5 அன்று, நார்வே கடற்பகுதியில் பைஃபோர்ட் டால்பின் என்ற எண்ணெய்த் துளையிடும் மேடையில், அறைக் கதவு மூடப்படும் முன்பே, அறையையும் கலத்தையும் இணைக்கும் பூட்டு திறந்துவிட்டது. ஒன்பது வளிமண்டல அழுத்தம் நொடியில் ஒன்றானது. ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அப்போது கடலுக்குள் இல்லை என்பதுதான் என்னை இன்னும் உலுக்குகிறது.

இவர்கள் முதுகுச் சிலிண்டரில் தூய ஆக்சிஜனைச் சுவாசிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்த ஆழத்தில் தூய ஆக்சிஜன் நஞ்சு, ஆகவே ஹீலியத்தில் சிறிதளவே ஆக்சிஜன் கலந்து நீண்ட குழாய் வழியே அனுப்புகிறார்கள், முதுகுச் சிலிண்டர் ஆபத்து நேரத்தில் சில நிமிடங்களுக்கு மட்டுமே.