கட்டுச்சோறு: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டுப் பயணத்தில் சைவச் சாப்பாடு பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில்.

★ மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் முதன்முறையாக அமெரிக்கா போகிறோம். டிக்கெட் போடும்போது பையன் 'ஹிந்து மீல்' என்று தேர்ந்தெடுத்துவிட்டான். நாங்கள் முட்டைகூடத் தொடாதவர்கள். கவலை இல்லாமல் ஏறலாம்தானே?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், திண்டுக்கல்

ஏறாதீர்கள் சார், இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். 'ஹிந்து மீல்' என்றால் மாட்டிறைச்சி இல்லாத சாப்பாடு, அவ்வளவுதான். கோழி, ஆடு, மீன் எது வேண்டுமானாலும் அதில் வரலாம்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். டூர் மேனேஜர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், 34 பேர் கொண்ட குழு. பாதிப் பேர் கும்பகோணம் பக்கத்து அம்மாக்கள். 'எல்லாரும் இந்துதானே' என்று என் கையாலேயே அத்தனை பேருக்கும் ஹெச்.என்.எம்.எல். என்ற குறியீட்டைப் போட்டேன். நடுவானில் அலுமினியத் தாள் மூடியைத் திறந்தால் கோழிக் குழம்பு. ஒருவரும் சத்தம் போடவில்லை. 34 தட்டும் தொடாமலே திரும்பிப் போயின. ஒரு பாட்டி கைப்பையிலிருந்து எள்ளுருண்டை டப்பாவை எடுத்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும், "நீயும் சாப்பிடும்மா, உனக்கும் பசிக்கும்ல" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நீங்கள் கேட்க வேண்டியது ஏ.வி.எம்.எல். மறந்துபோகும் என்றால் ஏவிஎம் ஸ்டுடியோவை நினைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஓர் 'எல்'. நம் ஊர்ப் பக்குவத்தில் வரும் சைவம் அது, முட்டை இருக்காது. வி.ஜி.எம்.எல். கேட்டால் பால், தயிர்கூட வராது. வி.எல்.எம்.எல். என்றால் முட்டை வரலாம். வி.ஜே.எம்.எல். சமணர்களுக்கானது, வெங்காயம், பூண்டு, கிழங்கு கிடையாது. புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பாவது பதிந்திருக்க வேண்டும். நடுவில் விமானம் மாறினால், இரண்டாவது விமானத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: இந்தத் தட்டு உங்கள் இருக்கை எண்ணைப் பார்த்துத்தான் வரும். ஜன்னல் பக்கம் வேண்டும் என்று யாரோடாவது இடம் மாற்றிக்கொண்டால், உங்கள் சாம்பார் சாதம் அவர் மடிக்குப் போய்விடும்.

மகள் கறிவேப்பிலை கேட்டிருப்பாள். எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவிலிருந்து பச்சைக் கறிவேப்பிலைக்கு அமெரிக்காவில் அனுமதி இல்லை. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி அதில் ஒட்டி வந்துவிடும் என்று பயம். பொடி வகைகளைச் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். துபாய் வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ போவதென்றால் கசகசா மட்டும் பையில் இருக்கவே கூடாது. அங்கே அது சமையல் சாமான் இல்லை, போதைப்பொருள் கணக்கு.

★ வேலை விஷயமாக மூன்று மாதம் டோக்கியோ போகிறேன் அக்கா. சோறு, டோஃபு, காளான், கடற்பாசி என்று சாப்பிடும் ஊர். சைவக்காரிக்கு அங்கே என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்று அம்மாவிடம் வாதாடிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் சொல்லுங்களேன்.
– மென்பொருள் பொறியாளர், ஈரோடு

அம்மா பக்கம்தான் பேச வேண்டியிருக்கிறது தங்கச்சி. நான் போன ஊர்களிலேயே சைவம் இருப்பது போலத் தெரிந்து இல்லாமல் போகிற ஊர் அதுதான்.

காரணம் ஒரே ஒரு தண்ணீர். பெயர் தாஷி. தூத்துக்குடிப் பக்கம் மாசிக்கருவாடு பார்த்திருப்பாய். சூரை மீனை அவித்து, புகை போட்டு, விறகுக்கட்டை மாதிரி காயவைப்பது. அதற்கு ஜப்பானில் ஒரு பங்காளி உண்டு, கட்சுவோபுஷி. அதை இழைப்புளியில் மரம் இழைப்பது போலச் சீவி, சுருளை வெந்நீரில் போட்டு வடிகட்டினால் தாஷி. கொம்பு என்கிற கடற்பாசியையும் பெரும்பாலும் சேர்ப்பார்கள். நமக்குப் புளித்தண்ணீர் எப்படியோ அப்படி அவர்களுக்கு இது. மிசோ சூப்பில் இருக்கும், சோபா நூடுல்ஸைத் தொட்டுச் சாப்பிடும் சாற்றில் இருக்கும், காய் வேகவைத்த நீரில் இருக்கும். சூப்பை வடிகட்டிவிட்ட பிறகு அதில் மீன் இருப்பதாக அவர்கள் நினைப்பதே இல்லை. பொய் சொல்கிறார்கள் என்று கோபப்படாதே.

கியோட்டோவில் ஒரு சின்னக் கடை. எட்டு பேர் உட்காரும் மரப்பலகை. மீன் வேண்டாம், இறைச்சி வேண்டாம் என்று சைகையும் சொல்லுமாகச் சொன்னேன். கடைக்காரர் இரண்டு முறை தலைகுனிந்து கேட்டுக்கொண்டு, பொரித்த டோஃபு கொண்டுவந்து வைத்தார். அதன் மேல் ரோஜா நிறத்தில் காகிதம் போன்ற இழைகள். சூட்டில் அவை நெளிந்து நெளிந்து ஆடின. அலங்காரம் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். மூக்குக்கு மாசி வாடை வந்ததும் புரிந்துவிட்டது. எங்கள் திருநெல்வேலி வீட்டில் அசைவம் கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டு அடுப்பு வாசனை தெரியாமல் யாராவது வளர முடியுமா?

ஆகவே 'சைவம்' என்ற ஒற்றைச் சொல்லை நம்பாதே. இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி, மேலே தூவும் கட்சுவோபுஷி எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாக ஜப்பானிய மொழியில் ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொள். அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் எழுதித் தருவார்கள். அதைக் காட்டினால், முடியாது என்றால் முடியாது என்று நேர்மையாகச் சொல்லிவிடுவார்கள். அந்த மறுப்புக்குத்தான் அட்டை. டோக்கியோ ரயில் நிலையத்தின் உள்ளேயே, டிக்கெட் கதவைத் தாண்டியதும், டீஸ் தான்தான் என்று ஒரு ராமென் (நூடுல்ஸ் சூப்) கடை. அங்கே பால் பொருள்கூடக் கிடையாது. நிஷி-காசாய் பகுதியில் நம் ஆட்கள் நிறையக் குடியிருக்கிறார்கள், பருப்பும் அரிசியும் அங்கே கிடைக்கும்.

விடுமுறை கிடைத்தால் கோயா மலைக்குப் போய் ஒரு பௌத்த மடத்தில் ஓர் இரவு தங்கிப் பார். மடத்துச் சாப்பாட்டுக்கு ஷோஜின் ரியோரி என்று பெயர். இறைச்சி, மீன் கிடையாது. அங்கே தாஷியைக் கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும் எடுக்கிறார்கள். எள்ளில் செய்த டோஃபு ஒன்று வரும். பெயர்தான் டோஃபு, சோயா ஒரு பருக்கை கிடையாது. எள்ளையும் ஒரு கிழங்கு மாவையும் கிண்டிக் கிண்டி இறுக்குவது. வாயில் வைத்ததும் கரையும். எள்ளை இப்படியும் செய்யலாம் என்று எனக்கு ஐம்பது வயதில்தான் தெரிந்தது.

★ போகிற ஊர் மொழியில் 'நான் சைவம்' என்று எப்படிச் சொல்வது? ஒரு பட்டியல் தரக்கூடாதா?
– வாசகி, காரைக்குடி

பட்டியலைவிட ஒரு வழி சொல்கிறேன். அந்த ஊரில் விரதம் இருக்கிறவர்கள் யார் என்று பாருங்கள். அவர்கள் சாப்பிடுவதற்கு ஒரு பெயர் கட்டாயம் இருக்கும். நம் சைவத்தை விளக்கிக்கொண்டு நிற்பதைவிட அவர்கள் விரதத்தில் போய் உட்கார்ந்துகொள்வது சுலபம்.

தாய்லாந்தில் 'ஜே'. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து. நம் கண்ணுக்கு 17 என்று எழுதியது போலத் தெரியும். அந்தக் கொடி தொங்கும் கடையில் மீன் சாறு கிடையாது, முட்டை கிடையாது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் சீன வம்சாவளியினரின் ஒன்பது நாள் விரதம் வரும். அப்போது போனால் தெருவெல்லாம் மஞ்சள் கொடி. தைவானில் 'சூ'. அங்கே கடைப் பலகையில் ஸ்வஸ்திகா இருந்தால் பௌத்தச் சைவக் கடை என்று தைரியமாக நுழையலாம். வியட்நாமில் 'சாய்'. அவர்கள் நிலவுக் கணக்கில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் இறைச்சி தொடமாட்டார்கள். நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும், காலண்டரைப் பார்த்துக்கொண்டால் போதும். சைகோனில் உங்கள் நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இன்னும் இருக்கிறது, போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

எனக்குப் பிடித்தது அடிஸ் அபாபா. எத்தியோப்பிய கிறிஸ்தவர்களுக்குப் புதன், வெள்ளி விரதம். பெரிய நோன்புகளையும் சேர்த்தால் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் வந்துவிடும். அன்றைக்கு இறைச்சி, பால், முட்டை மூன்றும் இல்லை. 'த்சோம்' என்று சொன்னால் எந்தச் சின்னக் கடையிலும் புரியும். 'பேயாய்னெத்து' கேளுங்கள். தட்டை மறைக்கிற அளவுக்கு ஒரு புளித்த தோசை வரும். ஒரு பக்கம் மட்டும் சுட்டது, மேல்பக்கம் ஆப்பம் மாதிரி கண் கண்ணாக இருக்கும். தெஃப் என்கிற தானியம், கடுகைவிடச் சிறியது. அதன் மேலேயே பருப்புக் குழம்பு, கீரை, முட்டைக்கோஸ், கடலை மாவில் கிண்டிய ஷிரோ என்று குட்டிக் குட்டிக் குவியலாக வைப்பார்கள். கரண்டி கிடையாது, கையால் பிய்த்துச் சாப்பிடுவது. கடைசியில் குழம்பெல்லாம் ஊறிப்போன அடித்தோசைக்கு எங்கள் குழுவில் சண்டையே நடந்தது.

கிரேக்க நாட்டிலும் நோன்புச் சாப்பாடு உண்டு. ஆனால் கணவாயும் இறாலும் அவர்கள் நோன்பில் சேர்த்தி. ஏமாந்துவிடாதீர்கள்.

★ ஐரோப்பா குரூப் டூரில் போகிறோம். குட்டி மின் அடுப்பு, அரிசி, நெய், கடுகு எல்லாம் எடுத்துக்கொண்டால் அறையிலேயே சமைத்துக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர்.
– இல்லத்தரசி, மதுரை

நெய் வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருள் எடுத்துவரத் தடை. கடுகு கொண்டுபோகலாம், ஆனால் தாளிக்கக் கூடாது. சுவிட்சர்லாந்தில் என் குழுவில் ஒருவர் நான்காம் மாடி அறையில் தயிர்சாதத்துக்குத் தாளித்தார். கூரையில் இருந்த புகை மணி அலறியது. இரவு ஒன்பதரைக்கு ஓட்டல் முழுக்க, பாதிப் பேர் குளியல் அங்கியோடு, வாசலில் குளிரில் நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்ததற்கான பில் அவர் பெயருக்கு வந்தது. அந்தத் தொகையில் குழுவுக்கே மூன்று நாள் விருந்து வைத்திருக்கலாம்.

ஜூரிக் போனால் ஹில்ட்ல் என்ற உணவகத்தை விடாதீர்கள். 1898இல் தொடங்கிய சைவ உணவகம். தொடர்ந்து நடக்கும் சைவ உணவகங்களில் உலகிலேயே பழையது என்று கின்னஸ் சான்று வைத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்து மருமகள் 1950களில் இந்தியா வந்து நம் மசாலாக்கள் மேல் ஆசைப்பட்டுத் திரும்பினார். பருப்பும் குழம்பும் இன்றும் அங்கே இருக்கின்றன. தட்டில் போட்டுக்கொண்டதை எடை போட்டுக் காசு வாங்குவார்கள். உருளைக்கிழங்கைக் குவித்துக்கொள்ளாதீர்கள், கனம்.

ரோமில் பீட்சாவின் பெயரைப் பார்த்து ஒன்று. 'மரினாரா' என்றால் கடல் சம்பந்தம் போலத் தோன்றும். உண்மையில் தக்காளி, பூண்டு, ஓமவல்லிக்கு ஒன்றுவிட்ட உறவான ஓரிகானோ என்கிற இலை, எண்ணெய், அவ்வளவுதான். 'நாப்போலி' என்று ஊர்ப் பெயராக அப்பாவியாக இருப்பதில்தான் நெத்திலி. பர்மேசான் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைமோரில்தான் உறைய வேண்டும் என்பது சட்டம். இதற்கு மேல் உங்கள் மனசு.

பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் ஈழத்தமிழர் கடைகள். அந்தத் தெருவில் தமிழிலேயே சண்டை போட்டுச் சாமான் வாங்கலாம்.

★ உலகம் சுற்றப் போய்விட்டு அங்கேயும் இட்லி தேடி அலைவது வெட்கமாக இல்லையா?
– வாசகர், சிங்கப்பூர்

1947லிருந்து கோமள விலாஸ் நடக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர்கள். 1888இல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தி, பசியோடு மைல் கணக்கில் நடந்து ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. முதல் மூன்று நாள் அந்த ஊர்ச் சாப்பாடு, நான்காம் நாள் ரசம். இது என் கணக்கு.

★ மெக்சிகோவில் பீன்ஸ் சாப்பிடலாமா?
– கல்லூரி மாணவர், கோவை

மசித்து வறுத்த பீன்ஸ் என்றால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பன்றிக் கொழுப்பில் வறுப்பது அங்கே வழக்கம். அந்தக் கொழுப்பின் பெயர் 'மந்தேகா'. 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் கோழி வரலாம். சப்பாத்திக் கள்ளியைச் சுட்டுத் தருவார்கள், 'நொப்பாலெஸ்' என்று பெயர். புளிப்பாக, வெண்டைக்காய் போல வழவழவென்று நன்றாக இருக்கும்.

★ எதுவுமே கிடைக்காவிட்டால் தயிர்சாதம் செய்துகொள்ளலாம்தானே?
– வாசகி, ஸ்ரீரங்கம்

செய்யலாம். தயிர் டப்பாவில் ஜெலட்டின் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது. அப்புறம், வெறும் தயிர்தானா என்று இரண்டு முறை படியுங்கள். ஒரு ராத்திரி பாரிஸில் கடை மூடும் நேரத்தில் ஓடிப்போய் வெள்ளை டப்பாவாகப் பார்த்துப் பன்னிரண்டு அள்ளிக்கொண்டு வந்தேன். ஓட்டல்காரர் கருணையில் வடித்துத் தந்த சோற்றில் கொட்டி, உப்புப் போட்டு, இஞ்சி நறுக்கிப் போட்டுப் பிசைந்து முடித்த பிறகுதான் வாசனை வந்தது. வெனிலா. அந்த எள்ளுருண்டைப் பாட்டி அந்தக் குழுவிலும் இருந்தார். ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஊறுகாய் இருந்தா கொண்டா" என்றார்.