ஏ.சி.க்கு 4 ஸ்கொயர் ஒயர், எர்த்துக்கு 1 ஸ்கொயர்: போதுமா?

திருவாரூர் பக்கம் புது வீடு கட்டுகிறீர்கள். எர்த்துக்கு எல்லா இடத்திலும் 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) போதும் என்று எலெக்ட்ரீஷியன் சொன்னதாகக் கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஃபேஸ் ஒயர் 16 ஸ்கொயர் வரைக்கும் எர்த் ஒயரும் அதே அளவில் இருக்கணும் என்கிறது எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043. லைட்டுக்கு 1.5 என்றால் எர்த்தும் 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி., கீசருக்கு 4. மீட்டரிலிருந்து டி.பி.க்கு (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) 10 வந்தால் எர்த்தும் 10. எல்லாம் காப்பர் கணக்கு.

டி.பி.யிலிருந்து எர்த் குழிக்குப் போகிற ஒயர்தான் அதிகம் ஏமாற்றுகிற இடம். மண்ணுக்குள் உறையில்லாத காப்பர் என்றால் 25 ஸ்கொயர், இரும்பு என்றால் 50. வழக்கமாகப் போடும் 8 நம்பர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி சுமார் 13 ஸ்கொயர்தான். அதற்குப் பதில் 25×3 மி.மீ. ஜி.ஐ. பட்டை போடுங்கள், அது 75 வரும். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணில் மெல்லிய கம்பி துருவேறி, வெளியே தெரியாமலே அறுந்துபோகும்.

பாண்டிங் என்பது வேறு வேலை. வீட்டுக்குள் வரும் இரும்புத் தண்ணீர்க் குழாயை, டி.பி.யில் எர்த் ஒயர்கள் எல்லாம் சேரும் எர்த் பாரோடு சேர்ப்பது அது. பெரிய எர்த் ஒயரில் பாதி அளவு போதும், ஆனால் 6 ஸ்கொயருக்குக் குறையக் கூடாது. பாத்ரூமில் கீசர், இரும்புக் குழாய் இவற்றைச் சேர்க்கும் ஒயர், ஒயரிங் பைப்புக்குள் ஓடினால் 2.5, வெளியே ஓடினால் 4. குழாய் எல்லாம் பி.வி.சி. என்றால் இந்தச் செலவே வேண்டாம்.

ஒயரை எவ்வளவு தடிமனாகப் போட்டாலும் ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையை அணைக்கும் சுவிட்ச்) இல்லாமல் விடாதீர்கள். உங்கள் குழியின் எர்த் தடை 10 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த் 2 ஓம் என்று வையுங்கள். ஃபேஸ் கீசர் உடம்பைத் தொட்டால் ஓடுவது 230/12, அதாவது 19 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) இதற்கு விழவே விழாது. கீசர் உடம்பில் 190 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உடனே விழும். குழி சரியில்லை என்று நியூட்ரலையும் எர்த்தையும் வீட்டுக்குள் முடிச்சுப் போட யார் சொன்னாலும் விடாதீர்கள். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் ஏறும்.

குழியின் ஓமை மழைக்காலத்தில் அளந்து திருப்திப்பட வேண்டாம். ஐப்பசியில் நம் களிமண் யாருக்கும் நல்ல அளவுதான் காட்டும். வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வைகாசியில், ஜூன் 12 மேட்டூர் தண்ணீருக்கு முன்னால், அளந்து பாருங்கள்.

ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டன் எர்த்தைச் சோதிக்காது. எர்த் ஒயர் அறுந்திருந்தாலும் பட்டனுக்கு அது விழும். மெயினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் எர்த் துளைக்கும் டி.பி. எர்த் பாருக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 1 ஓமுக்கு மேல் காட்டினால் எங்கோ ஜங்ஷன் பாக்ஸில் முறுக்கு தளர்ந்திருக்கிறது.