தார்ப்பாயைத் தூக்குங்கள், ஸ்கேன் அப்புறம்

கேள்வி: எனக்கு 41 வயது. பெரம்பலூர் பக்கம் சொந்த டிராக்டர் வைத்து வாடகைக்கு உழவு ஓட்டுகிறேன். ஆடியில் தொடங்கிய தலைவலி தை வந்தும் விடவில்லை. பழைய வண்டி, கரும்புகை அதிகம். பகலில் உழும்போது வலிக்கிறது. ராத்திரி கொட்டகையில் மக்காச்சோளம் அடிக்கும்போது இன்னும் கூடுகிறது, குமட்டலும் வருகிறது. காலையில் எழுந்தால் சரியாகிவிடுகிறது. மெடிக்கலில் தினமும் செட் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். டீசல் புகையால் மூளையில் கட்டி வரும் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? சளியில் கறுப்பு, கண் எரிச்சல், காதில் இரைச்சலும் உண்டு. பனிக்காகக் கொட்டகையைத் தார்ப்பாய் கட்டி மூடித்தான் அடிக்கிறோம். கரண்ட் போனால் விளக்குக்குக் கொட்டகை மூலையில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கிறது. உதவிக்கு நிற்கும் மனைவிக்கும் தலை சுற்றும், அவளுக்கு ரத்தசோகை. டிராக்டரையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியதில் மூளைக் கட்டிக்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. காலையில் தலை தெளிவாக இருந்து, வேலைக்குப் போனதும் வலிக்கிறது என்றால் காரணம் வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது. கட்டி ராத்திரி லீவு எடுக்காது. வாரத்துக்கு வாரம் வலி கூடிக்கொண்டே போவது, விடியற்காலையில் வலியே எழுப்பிவிட்டு வாந்தி வருவது, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, இதில் ஏதாவது இருந்தால் நானே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுப்பேன். இடி விழுந்ததுபோல ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் தலைவலி என்றால் அந்த மணி நேரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்களுக்கு இவை எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ.க்கு வைத்திருக்கும் பணத்தில் வண்டியின் சைலன்சர் கேஸ்கெட்டை மாற்றுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குக் கவலை. கொட்டகையில் நின்றால் உங்கள் மனைவிக்கும் தலை சுற்றுகிறது. அதை ரத்தசோகைக் கணக்கில் எழுதி மூடிவிட்டீர்கள். ரத்தசோகை இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது வந்து, நிறுத்தினால் போகாது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், இரண்டு பேருக்குத் தலைவலியோ தலைசுற்றலோ குமட்டலோ வந்தால், மாற்றுக் காரணம் நிரூபணமாகும்வரை அது கார்பன் மோனாக்சைடு. இந்தப் பதிலில் வேறு எது மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணை எரிக்காது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் சீட்டை இது பிடித்துக்கொண்டால் ஆக்சிஜனுக்கு இடம் கிடையாது. முதலில் திணறுவது மூளையும் இதயமும். நெற்றியை இறுக்கிப் பிடிக்கும் வலி, தலை கனம், குமட்டல், கால் துவளுதல் என்று தொடங்கும். அடுத்து புத்தி மந்தமாகும். ஆபத்தே அங்கேதான். வெளியே போக வேண்டும் என்று நினைக்கிற மூளையையே அது முதலில் கெடுத்துவிடுகிறது. ‘கொஞ்சம் அசதியா இருக்கு, இந்த மூட்டையை முடிச்சிட்டு வர்றேன்’ என்று அங்கேயே உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்காமல் போனதுண்டு.

கரும்புகையைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். கண்ணுக்குத் தெரியும் புகையாவது முகத்தைத் திருப்பச் சொல்லி உங்களை எச்சரிக்கிறது. டீசல் இன்ஜின் தாராளமாகக் காற்று இழுத்து எரிப்பதால், பெட்ரோல் இன்ஜினோடு ஒப்பிட்டால் அதில் கார்பன் மோனாக்சைடு குறைவு. ஆனால் லோடு தாங்காமல் இன்ஜின் அமுங்கி, ஏர் ஃபில்டர் அடைத்துக் கரும்புகை கக்கும்போது எரிதல் அரைகுறையாகி அந்த அளவும் ஏறும். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் தார்ப்பாய் என்றால் அது போக வழியில்லை. இதில் மூலையில் வைத்திருக்கும் அந்தச் சின்ன ஜெனரேட்டரைப் பற்றி அரை வரி எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகத்தில் முதல் குற்றவாளி அதுதான். புகையே இல்லாமல் சாதுவாக ஓடும் அந்தப் பெட்ரோல் இன்ஜின், உங்கள் டிராக்டரைவிடப் பல மடங்கு கார்பன் மோனாக்சைடு விடக்கூடியது. மூடிய கொட்டகையை உயிருக்கு ஆபத்தான இடமாக்க அதற்குச் சில நிமிடங்கள் போதும்.

கரண்ட் போன இரவுகளில் வலி அதிகமாக இருந்ததா என்று இருவரும் யோசித்துப் பாருங்கள்.

இன்று ராத்திரியே செய்ய வேண்டியது: ஜெனரேட்டரை வீட்டிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வெளியே வையுங்கள், நீளமான ஒயர் போட்டு விளக்குக்கு இழுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்தேன், ஃபேன் போட்டேன் என்பதெல்லாம் போதாது. உள்ளே சுற்றும் ஃபேன் அதே காற்றைத்தான் கலக்கும். டிராக்டர் விஷயத்தில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மெஷினைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. தண்டு பின்பக்கம், சைலன்சர் முன்பக்கம். சோளம் அடிக்கும் மெஷினைக் கொட்டகை வாசலுக்கு இழுத்து, டிராக்டரைப் பின்பக்கமாக வந்து மாட்டினால் பானட்டும் சைலன்சரும் திறந்த வெளியில் நிற்கும். சோளம் நனையாது. காற்று கொட்டகையைப் பார்த்து அடிக்கிற ராத்திரி மட்டும் இந்த ஏற்பாடும் உதவாது. அன்றைக்கு வாசல் பக்கத் தார்ப்பாயைத் தூக்கிவிட்டு, எதிர்ச்சுவர் பக்கமும் காற்றுப் போக வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விடியலுக்குத் தள்ளுங்கள். பனியில் சோளம் கொஞ்சம் ஈரமானால் மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். (அப்படியே பி.டி.ஓ. ஷாஃப்ட்டுக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் ஷாஃப்ட்டில் சேலை முந்தானை மாட்டினால் என்னிடம் வர வேண்டியிருக்காது, அறுவை சிகிச்சை நிபுணரிடம்தான்.)

துண்டை நனைத்து மூக்கில் கட்டுவதாலோ, என்-95 மாஸ்க் போடுவதாலோ இந்த வாயு நிற்காது. அந்த மாஸ்க் கரித்துகளைப் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். தரையில் உட்கார்ந்தால் தப்பலாம் என்பதும் பொய். அது காற்றோடு சமமாகக் கலந்துவிடும்.

இனி ஒருநாள் கொட்டகையில் இருவருக்கும் தலை கனத்தால் என்ன செய்வது? காரணத்தை ஆராயாமல் முதலில் வெளியே வாருங்கள். உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால் தார்ப்பாயை அறுத்துத் திறந்து, வெளியே இருந்தே நிறுத்த முடிகிற இன்ஜினை நிறுத்தி, அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட வேண்டும். உள்ளேயே குனிந்து எழுப்பிக்கொண்டிருந்தால் எழுப்பப் போனவரும் அங்கேயே விழுவார். மயக்கம், தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு, நெஞ்சுவலி இருந்தால், அல்லது உள்ளே இருந்தவர் கர்ப்பிணியாகவோ குழந்தையாகவோ இதய நோயாளியாகவோ இருந்தால், தலைவலி மட்டும்தான் என்றாலும் 108. வயிற்றுக் குழந்தையின் ரத்தம் இந்த வாயுவைத் தாயின் ரத்தத்தைவிட இறுக்கமாகப் பிடித்து, மெதுவாகத்தான் விடும். தாய் தெளிந்துவிட்டாள் என்பதால் குழந்தை தெளிந்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

ஆஸ்பத்திரியில் முதல் வாக்கியமாக ‘மூடின கொட்டகையில இன்ஜின் ஓடிச்சு’ என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வாந்தி, தலைசுற்றல் என்று சாப்பாடு ஒத்துக்கொள்ளாத கணக்கில் ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள், நீங்களும் அதே கொட்டகைக்குத் திரும்புவீர்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் 98 காட்டினால் ஏமாறாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் அந்தக் கருவி ஆக்சிஜன் ஏறியதாகவே படிக்கும். உண்மை தெரிய ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின், அதாவது இந்த வாயு ஏறிய ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், அதற்கான கருவி பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் பெரும்பாலும் இருக்கும். ரிசல்ட்டுக்காக ஆக்சிஜனைத் தள்ளிப்போடக் கூடாது. சாதாரணக் காற்றில் இந்த வாயு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். பையோடு கூடிய மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். உங்களுக்குக் காலையில் சரியாகிவிடுவதன் ரகசியமும் இந்தக் கணக்குதான். அதனால் இரண்டு நாள் கழித்து ரத்தம் கொடுத்துவிட்டு ‘நார்மல்’ என்று நிம்மதி அடையாதீர்கள். அதற்குள் அது போயிருக்கும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு ஓரிரு வாரம் கழித்து மறதி, நடை தள்ளாட்டம், குணமாற்றம் வருவதும் உண்டு. வந்தால் ‘பயந்திருக்கிறான்’ என்று மந்திரிக்கப் போகாமல் திரும்ப அழைத்து வாருங்கள்.

இனி பகல் தலைவலி. ஒரே தலைவலி என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு இரண்டாகத் தெரிகிறது. திறந்த காட்டில் உழும்போது கார்பன் மோனாக்சைடு சேர வழியில்லை. அங்கே டீசல் புகையின் எரிச்சல் ஒரு பங்கு. காற்று முன்னாலிருந்து அடிக்கும் திசையில் ஓட்டும்போது புகை நேராக முகத்துக்கு வரும். மீதிப் பங்கு வெயில், வெறும் டீ, மதியம் 2 மணிவரை சாப்பிடாமல் இருப்பது, இன்ஜின் சத்தம், கலப்பையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டுவது. மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி இறங்கி, அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ குடியுங்கள். மூத்திரம் அடர் மஞ்சளாகப் போகிறதென்றால் குடித்தது போதவில்லை. நாற்பது தாண்டிவிட்டீர்கள், ரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வண்டியில் பார்க்க வேண்டியது இரண்டு. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சைலன்சர் மேனிஃபோல்டோடு (இன்ஜினிலிருந்து புகை வெளியே வரும் குழாய்) சேரும் இடத்தைப் பாருங்கள். கேஸ்கெட் ஓரத்தில் கறுப்பாகக் கரிக்கோடு படிந்து, ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று கேட்டால் அங்கே கசிவு. புகை மேலே போகாமல் உங்கள் முகத்துக்கு நேராக வருகிறது. அடுத்து ஏர் ஃபில்டர். ஆயில் பாத் வகை என்றால் கிண்ணத்தில் ஆயில் கோடுவரை இருக்க வேண்டும், அடியில் சேறு கட்டியிருந்தால் கழுவி மாற்ற வேண்டும். சோளம் அடிக்கும் தூசியில் அது சீக்கிரம் அடையும். இரண்டும் சரியாக இருந்தும் கரும்புகை நிற்காவிட்டால் இன்ஜெக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது, அது மெக்கானிக்கின் பாடு.

செட் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். கவரில் தேதியும் பெயரும் இல்லாமல் நாலு நிறத்தில் போட்டுக் கொடுக்கும் அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஸ்டீராய்டு இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன், அப்படி இருந்து மாதக்கணக்கில் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே நிறுத்தும் அன்றே அந்தக் கவரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். வெயிலில் தண்ணீர் குறைந்த உடம்பில் தினமும் வலி மாத்திரை விழுந்தால் முதலில் அடிபடுவது சிறுநீரகம். இன்னொன்று, மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். நிறுத்தினால் முதல் வாரம், பத்து நாள் வலி கூடும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி கடைக்குப் போகாதீர்கள்.

மற்றவை சீக்கிரம். சளியில் கறுப்பு கரித்துகள்தான், மூக்கும் தொண்டையும் தங்கள் வேலையைச் செய்கின்றன. கறுப்புப் போய்ச் சிவப்பு வந்தால் மட்டும் வாருங்கள். கண் எரிச்சலுக்குச் சுத்தமான தண்ணீரும் மூடிய கண்ணாடியும் போதும், சொட்டு மருந்து வேண்டாம். காது இரைச்சல் சத்தத்தால் வந்தது. பஞ்சு தடுக்காது, இயர் மஃப் வாங்கி மாட்டுங்கள், போன கேட்கும் திறன் திரும்பாது. கொட்டகை வேலை முடிந்து சில மணி நேரம் கழித்து, ராத்திரி படுத்த பிறகு இருமலும் மூச்சுத்திணறலும் தொடங்கினால் அது டீசல் புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடு வேலையாக இருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

புற்றுநோய் விஷயத்தில் யூடியூப்காரர் பாதி உண்மையை எடுத்து வேறு உறுப்பில் ஒட்டிவிட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. உறுதியான ஆதாரம் நுரையீரல் புற்றுநோய்க்கு, சிறுநீர்ப்பைக்கு ஓரளவு. மூளைக்கு இல்லை. பல ஆண்டுகள், சுரங்கம் போன்ற மூடிய இடங்களில் அதிகமாகச் சுவாசித்தவர்களிடம்தான் அது தெளிவாகத் தெரிந்தது. பீடி, சிகரெட் பழக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் நுரையீரலுக்கு அதுதான் டிராக்டரைவிடப் பெரிய எதிரி, ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடை ஏற்றுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. டிராக்டரை விட வேண்டியதில்லை.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: வலி எங்கே வந்தது, எத்தனை மணிக்கு, ஜெனரேட்டர் ஓடியதா, கூட இருந்த வேறு யாருக்கு வந்தது, வெளியே வந்து எவ்வளவு நேரத்தில் போனது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது எந்த ஸ்கேன் ஃபைலையும்விட அந்த நோட்டு உதவும். மனைவியின் ஹீமோகுளோபினை அதே நாளில் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை தொடங்கட்டும். அதே காற்றில் அவருக்குச் சீக்கிரம் தலை சுற்ற அந்தக் குறைவும் ஒரு காரணமாகலாம். அது சரியாகும்வரை கொட்டகை வேலைக்கு அவரைக் கூப்பிட வேண்டாம்.