உண்ணியை எல்லாம் எடுத்துவிட்ட பிறகும் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வருமா?

வரும். உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே எர்லிச்சியா கேனிஸ் என்ற பாக்டீரியா நாயின் உடம்புக்குள் இறங்கிவிடலாம். அதன் பிறகு உண்ணியைப் பிடுங்கிப் போட்டாலும் உள்ளே போனது போனதுதான். காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டைச் சீண்டாமல் இருப்பது எல்லாம் தலைகாட்ட 1 முதல் 3 வாரம் ஆகும்.

ஏமாற்றுவது அதற்கடுத்த கட்டம். காய்ச்சல் தானாகவே விட்டுவிடும், நாயும் ஓடியாடும். கிருமி மட்டும் மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில், மண்ணீரலில் பதுங்கியிருக்கும். சில நாய்களுக்கு எலும்பு மஜ்ஜை கெட்ட பிறகுதான் வெளியே தெரியும். அப்போது காப்பாற்றுவது கஷ்டம்.

ஈறு வெளுத்திருக்கிறதா, அடிவயிற்றில் முடியில்லாத இடத்தில் குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளிகள் உண்டா என்று பாருங்கள். மூக்கில் ரத்தம் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) குறைந்திருப்பது முக்கியமான தடயம். வழக்கமாக 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுப்பார்கள். ஓரிரு நாளிலேயே நாய் தெம்பாக வாலாட்டும், அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இதற்குத் தடுப்பூசி கிடையாது, ஒருமுறை வந்தது மறுபடியும் வரலாம். உண்ணி முட்டையிடுவது சுவர் விரிசலில், நாய் மேல் அல்ல. அதனால் நாய் படுக்கும் இடத்துக்கும் மருந்தடிக்க வேண்டும்.