வார்னிஷ் உரிந்த மரத்தளம்: மேலே பூசலாமா, சுரண்ட வேண்டுமா?

கேள்வி: அறுகம்பேயில் கடற்கரையை ஒட்டிச் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். முன்பக்கம் தேக்குப் பலகையில் ஒரு மரத்தளம் போட்டிருக்கிறோம். தாங்கும் கால்கள் முதிரை. போன மாரிக்கு முன் பளபளப்பான வார்னிஷ் பூசினோம். மழை முடிவதற்குள் தோல் தோலாக உரிந்துவிட்டது. உரிந்த இடமெல்லாம் சாம்பல் நிறம், ஆணிகளைச் சுற்றிக் கறுப்பு. சீசன் தொடங்குமுன் அதன் மேலேயே இன்னொரு பூச்சு அடிக்கலாமா? கழித்த எஞ்சின் ஒயில் பூசினால் கறையானும் வராது, செலவும் இல்லை என்கிறார் என் கணவர். அது சரியா?
- வாசகி, பொத்துவில்

பதில்: அன்புச் சகோதரி, அதன் மேல் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த மாரியில் அந்தக் காசும் உரிந்து போகும். போன முறை வாங்கிய வார்னிஷ் மட்டமானது என்று நினைத்து, விலை கூடியதைத் தேடியும் போகவேண்டாம். கதவுக்கும் அலுமாரிக்கும் வார்னிஷ் அருமையான பொருள். வெயிலிலும் மழையிலும் மல்லாந்து கிடக்கும் தரைப் பலகைக்கு அது ஒத்துவராது.

மரம் ஈரத்தில் அகலவாட்டில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். கார்த்திகை, மார்கழி அடைமழையில் உங்கள் பலகை குடித்த நீரை ஆனி, ஆடிக் கச்சான் காற்று உறிஞ்சி எடுக்கிறது. இப்படி வருடம் முழுக்க அசையும் மரத்தின் மேல் வார்னிஷ் விறைத்த படலமாக நிற்கிறது. மரத்தோடு சேர்ந்து அசைய முடியாமல் மயிரிழையாக வெடிக்கிறது. வெடிப்பு வழியே நீர் உள்ளே போய்விடும். வெளியே வர வழி இருக்காது. அந்த ஈரம்தான் படலத்தைத் தூக்கி உரித்தது. வெயிலுக்கும் இதில் பங்குண்டு. நிறமில்லாத வார்னிஷ் ஊடாகப் புறஊதாக் கதிர் இறங்கி, மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் இலிக்னினைச் சிதைக்கிறது. மேற்பரப்பே பொடியாகிவிட்ட பிறகு வார்னிஷ் எதைப் பிடித்துக்கொண்டிருக்கும்? நீங்கள் பார்க்கும் சாம்பல் நிறம் அந்தச் சிதைவுதான்.

அதனால் உங்களுக்கு வேண்டியது மரத்துக்குள் இறங்கி நிற்கும், எண்ணெய் அடிப்படையிலான, நிறம் கலந்த ஸ்டெயின். நிறம் அழகுக்கு மட்டும் என்று எண்ணவேண்டாம். கதிரைத் தடுப்பதே அந்த நிறத்தூள்தான். மரத்தின் ரேகை தெரியவேண்டுமென்றால் அரைவாசி ஒளிபுகும் வகையைக் கேளுங்கள். முற்றிலும் நிறமற்றது வேண்டாம். வெளிப்புற மரத்தளத்துக்கு என்று ரின்னில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் ஆளிவிதை எண்ணெயைச் சிலர் சொல்வார்கள். நமது ஈரக்காற்றில் அது பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. சில மாதத்தில் தளம் கறுத்துவிடும்.

ரின்னைத் திறக்குமுன் ஒருநாள் ஓடாவியாரோடு தளத்தின் கீழே குனிந்து பாருங்கள். இதைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். காற்று அடித்துவந்து குவித்த மணலும் சருகும் குறுக்குச் சட்டங்களைத் தொட்டுக்கொண்டிருந்தால் அள்ளி எறியுங்கள். அடியில் காற்றோட்டம் இல்லாத தளத்தை எந்த ஸ்டெயினும் காப்பாற்றாது. கால்களில் கறையான் மண்கோடு ஏறியிருக்கிறதா, சட்டம் பொருந்தும் மூட்டுகள் உக்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்குரூட்ரைவர் முனையால் குத்தினால் மெத்தென்று இறங்கும் மரத்தை மாற்றியே ஆகவேண்டும். பலகைகளுக்கு இடையே 5, 6 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். அதில் மண் அடைத்திருந்தால் கிளறி எடுங்கள்.

ஆணியைச் சுற்றிய கறுப்பு, இரும்பும் தேக்கிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருளும் ஈரத்தில் சேர்ந்து உண்டாக்குவது. சாதாரண இரும்பாணி உப்புக்காற்றுக்கு நிற்காது. ஒரேயடியாக மாற்ற முடியாவிட்டாலும், இளகிய ஆணிகளைக் கழற்றும்போதெல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி போடுங்கள். விலை உறுத்தும். ஆனாலும் கடலோரத்தில் 304 தரம்கூட நாளடைவில் துருக்கறை காட்டும்.

இனிச் சுரண்டல். ஆணித் தலைகளை மட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, 60 இலக்க சான்ட்பேப்பரால் பழைய வார்னிஷை முழுவதும் தேய்த்தெடுங்கள், பிறகு 80. அதற்கு மேல் மழமழப்பாக்காதீர்கள். துவாரம் அடைபட்டால் ஸ்டெயின் இறங்காது. முகமூடி கட்டாயம். தூள் கடற்கரைக்குப் பறக்காமல் கீழே படங்கு விரியுங்கள். அலைச்சறுக்குப் பலகைகளைத் தளத்தில் சாத்தி வைத்தால் அவற்றின் மெழுகு மரத்தில் ஒட்டியிருக்கும். தேய்த்தால் அது மரத்துக்குள் இன்னும் ஆழமாகப் போகும் என்பதால், தேய்க்குமுன்னே சுரண்டி எடுத்து டர்பன்டைன் நனைத்த துணியால் துடையுங்கள்.

சாம்பல் நிறமும் ஆணிக் கறுப்பும் போக ஒக்சாலிக் அமிலம் நல்லது. ஒரு லீற்றர் வெந்நீருக்கு 50 கிராம் அளவில் கரைத்துப் பூசி, கால்மணி நேரம் விட்டு, நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். அது நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். குளோரின் கலந்த வெளிற்றியைத் தளத்தில் ஊற்றவேண்டாம். அது மர நாரைக் கெடுக்கும். அமிலத்தோடு கலந்தால் மூச்சை அடைக்கும் நச்சுவாயு வரும்.

எப்போது செய்வது? சீசனுக்கு முன் என்று சரியாகத்தான் யோசித்திருக்கிறீர்கள். மாசி நடுவிலிருந்து பங்குனி வரை உங்கள் பக்கம் தோதான காலம். மாரி ஓய்ந்திருக்கும், கச்சான் தொடங்கியிராது, விருந்தினரும் குறைவு. கழுவிய பிறகு குறைந்தது மூன்று நாள் வெயில் காயட்டும். ஈரம் அளக்கும் கருவி கிடைத்தால் 15 வீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். சில துளி நீரைப் பலகையில் விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் உறிஞ்சினால் மரம் பூச்சை ஏற்கும். மணியாக நின்றால் வார்னிஷோ மெழுகோ இன்னும் மிச்சம் இருக்கிறது.

காலையில் பனி உலர்ந்ததும் பூசத் தொடங்கி, கடற்காற்று உப்பையும் மணலையும் கொண்டுவருமுன் முடித்துவிடுங்கள். உச்சி வெயிலில் சுடும் பலகையில் பூசினால் உள்ளே இறங்குமுன் மேலேயே காய்ந்துவிடும். இரண்டு மூன்று பலகையாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் இழுங்கள். நடுவில் விட்டால் திட்டுத் தெரியும். வெட்டுமுனைகளுக்கு இரண்டு தடவை கொடுங்கள், நீர் அதிகம் குடிப்பது அந்த முனைகள்தான். தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம், கனமாகப் பூசினால் பிசுபிசுக்கும். மெல்லிய ஒரு பூச்சு, கால்மணி நேரத்தில் இறங்காமல் நிற்பதைத் துணியால் துடைத்தெடுங்கள்.

அந்தத் துணிகளைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது உண்டாகும் சூடு வெளியேற முடியாமல் தானாகவே தீப்பற்றும். நெருப்புக்குச்சி தேவையில்லை. உங்கள் விடுதியில் கிடுகுக் கூரை இருக்கக்கூடும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: ஒவ்வொரு துணியையும் வெளியே தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய வாளியில் அமிழ்த்தி மூடி வையுங்கள். வேலைக்கு வரும் பையன்களிடமும் இதைச் சொல்லி, செய்கிறார்களா என்று பாருங்கள்.

கழித்த ஒயில் விஷயத்தில் உங்கள் கணவருக்கு என் பதில் கண்டிப்பான 'வேண்டாம்'. எஞ்சினில் தேய்ந்த உலோகத் துகளும் புற்றுநோய் தரக்கூடிய சேர்வைகளும் அதில் இருக்கின்றன. அது மரத்தில் பிடித்து நிற்காது. விருந்தினரின் வெறுங்காலில் ஒட்டும், முதல் மழையில் மணலுக்கும் கடலுக்கும் போகும். அதே கரையில்தான் உங்கள் ஊர் மீனவர் வலை இழுக்கிறார்கள். கறையானுக்கு முதிரைக் கால்களை மண்ணிலிருந்து பிரித்து, கொங்கிரீட் அடித்தளத்தில் உலோகத் தாங்கி வைத்து நிறுத்துங்கள். மண்கோடு ஏறினால் கண்ணில் படும், தட்டிவிடலாம்.

அதன்பிறகு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, மணலைக் கூட்டுங்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மணல் ஒவ்வொரு காலடியிலும் பூச்சைத் தேய்க்கும். ஆண்டுதோறும் மாசியில் அதே நீர்த்துளிச் சோதனையைச் செய்யுங்கள். துளி உறிஞ்சப்படும் இடத்துக்குப் பூச்சு வேண்டும். பெரும்பாலும் வாசற்படியும் கடலைப் பார்த்த ஓரமும்தான் முதலில் தேயும். உள்ளே இறங்கும் ஸ்டெயின் என்பதால் சுரண்டாமல், கழுவிக் காயவைத்து அந்த இடங்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும்.