புள்ளி கொடுங்கள் டீச்சர், விதியைப் பிள்ளைகள் எழுதட்டும்

கேள்வி: இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். ‘வால்டன் டூ’ நாவல் படித்ததிலிருந்து, அடியும் ஏச்சும் இல்லாமல் புள்ளியும் பாராட்டும் கொடுத்தே பிள்ளைகளைப் பழக்க ஆசையாக இருக்கிறது. அண்ணனோ, “துரைமார் நம்மை ஆட்டிவைத்தது போதாதா, நீயும் தொடங்கிவிட்டாயா?” என்கிறார். நான் நினைப்பது பிழையா?
– ஓர் ஆசிரியை

பதில்: அன்புள்ள டீச்சர், பிழையே இல்லை. அதற்காக அண்ணன் பேச்சைத் தள்ளிவிடவும் வேண்டாம்.

உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1948இல் வெளியிட்ட அந்த நாவலில், சுமார் ஆயிரம் பேர் ஓர் ஊராக வாழ்கிறார்கள். உழைப்புக்குக் காசு இல்லை, புள்ளிதான். நாளுக்குச் சராசரியாக நாலு மணி நேர வேலை. சாக்கடை சுத்தம் செய்பவருக்கு மணிக்குக் கூடுதல் புள்ளி, பூந்தோட்டம் பார்ப்பவருக்குக் குறைவு. கொழுந்தெடுக்கும் நம் அம்மாமார் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? மழையிலும் அட்டைக்கடியிலும் சரிவில் நின்று எடுத்த கொழுந்து, சொன்ன கிலோவுக்கு வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். அண்ணனின் கோபம் அங்கிருந்துதான் வருகிறது.

நாவலில் எனக்கும் ஒப்பாத இடம் உண்டு. மூன்று நாலு வயதுப் பிள்ளைகளுக்கு லொலிபொப் கொடுக்கிறார்கள். மேலே சீனிப்பொடி பூசியிருக்கும். நாக்கு ஒருதரம் பட்டாலே தெரிந்துவிடும். நக்காமல் வைத்திருந்தால் பிறகு சாப்பிடலாம். பொறுமை பழக்குகிறார்களாம்! பிள்ளையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியவர்கள் நிலையும் அதுதான். ஊரை நடத்தும் திட்டக்குழுவை மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்வதில்லை. துரை எவ்வளவு நல்லவராக இருந்தாலும் துரைதானே.

1967இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில், இந்த நாவலை நம்பிச் சிலர் ட்வின் ஓக்ஸ் என்ற குடியிருப்பையே தொடங்கினார்கள். இன்றும் இருக்கிறது. வேலைக்கு வேலை புள்ளியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தவர்கள், பிற்பாடு எந்த வேலையானாலும் ஒரு மணிக்கு ஒரு புள்ளி என்று மாற்றிக்கொண்டார்கள். புத்தகத்துக் கணக்கை அங்கே வாழ்ந்தவர்களே திருத்தினார்கள். உங்கள் வகுப்புக்கும் அந்த உரிமை வேண்டும்.

எதற்குப் புள்ளி என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். சின்னவர்களுக்கு வாசிக்கக் காட்டிக் கொடுப்பது, வகுப்பைக் கூட்டுவது என்று அவர்களே சொல்வார்கள். கணக்குக் கொப்பியும் அவர்கள் கையில் இருக்கட்டும். மாதம் ஒருதரம் உட்கார்ந்து பேசி, பிடிக்காத விதியை அடித்துவிடலாம் என்று சொல்லிவையுங்கள். கொடுத்த புள்ளியை மட்டும் ஒருநாளும் வெட்டாதீர்கள். வெட்டினால் அதுவும் அரைப்பேர்தான்.

அப்புறம், பிந்தி வருகிற பிள்ளைகள். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வரும்வரை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்குப் புள்ளி ஆசை காட்டி என்ன பயன்? ஆளைக் குறை சொல்லாதே, சூழலை மாற்று என்பதுதான் ஸ்கின்னரின் அடிப்படையே. வகுப்பை அரை மணி நேரம் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் தம்பியையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு மூலையில் பாய் விரித்தால் போதும்.

அண்ணனையும் ஒருநாள் கூப்பிடுங்கள். பிள்ளைகள் விதியை மாற்றப் பேசுகிற நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.