முதலில் சாப்பாடு, அப்புறம்தான் கேள்வி

கேள்வி: கொலுசுப் பட்டறையிலிருந்து வெள்ளி வாங்கி வந்து வீட்டில் வைத்து வேலை செய்து கொடுக்கிறேன். எடை போட்டுத் தருவார்கள், எடை போட்டுத் திரும்ப வாங்குவார்கள், நடுவில் போகிற சேதாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் படுக்கையில் இருந்தபோது அந்தச் சேதாரத்தின் பேரில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டேன், மொத்தம் 80 கிராம் இருக்கும். எடை குறைவது தெரிந்ததும் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பையன் மேல் பழி விழுந்தது, அவனை நிறுத்திவிட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் போகிறேன், திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்க எழுந்து போகக் கால் வருவதில்லை. இயேசு மன்னிப்பார் என்று தெரியும், அவர் முகத்தில் விழிக்கத்தான் முடியவில்லை. நான் வெறும் குப்பை. எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு அப்புறம் அவரிடம் போனால் போதுமா?
பெயர் வேண்டாம், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: சகோதரி, முதலில் அந்தக் குப்பை விஷயம். கொலுசு வேலை செய்கிற வீட்டிலிருந்து இப்படி எழுதலாமா? பட்டறையில் கூட்டின தூசியைக்கூட யாரும் தெருவில் கொட்டுவதில்லை, அதிலும் வெள்ளி இருக்கிறது என்று சேர்த்து வைக்கிறார்கள். அது உங்களுக்கே தெரியும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். சரிசெய்ய வேண்டும் என்கிறீர்களே, அதில் தப்பில்லை. வரிசைதான் தப்பு.

இயேசுவின் சீஷன் பேதுருவைப் பாருங்கள். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் குளிருக்குக் கரிநெருப்புப் போட்டிருந்தார்கள், அதன் பக்கத்தில் நின்று குளிர்காய்ந்துகொண்டுதான் அந்த மனுஷன் தன் ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்றார் (யோவான் 18). மார்கழிப் பனியில் ஏற்காட்டில் நெருப்புப் போட்டு உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள், மறுநாள் சால்வையை எத்தனை உதறினாலும் அந்தப் புகை வாசம் போகாது. அப்புறம் 21ஆம் அதிகாரம், திபேரியா கடற்கரை, விடியற்காலை. மீன் பிடிக்கப் போன பேதுருவும் மற்றச் சீஷர்களும் கரையேறினால் அங்கேயும் ஒரு கரிநெருப்பு. கிரேக்க மூலத்தில் இந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுக்க இந்த இரண்டு இடத்தில்தான் வருகிறது. இந்தத் தடவை நெருப்புப் போட்டு வைத்திருந்தவர் இயேசு, அதன்மேல் மீன், கூடவே அப்பம். கரியை ஊதினாரோ விசிறினாரோ, யோவான் எழுதவில்லை. மரணத்தை ஜெயித்து எழுந்தவர், தன்னை விட்டு ஓடிப்போனவர்களுக்குக் காலைச் சாப்பாடு செய்து வைத்துக்கொண்டு "வாருங்கள், சாப்பிடுங்கள்" என்று கூப்பிடுகிறார், அதுதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டையை அடைக்கிற இடம்.

அவர் பழைய கதையைக் கிளறாமல் விட்டாரா என்றால், இல்லை. மூன்று தடவை மறுதலித்தவரிடம் மூன்று தடவை "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டார், மூன்றாவது தடவை பேதுருவுக்கு வலித்தது. ஆனால் எப்போது கேட்டார்? அவர்கள் போஜனம்பண்ணின பின்பு என்று பளிச்சென்று எழுதியிருக்கிறது. இயேசுவைப் பார்க்க மரம் ஏறின வரி வசூல்காரன் சகேயு கதையிலும் (லூக்கா 19) இதே வரிசைதான். மரத்து மேலே ஊர்ப் பணத்தைத் தின்ற ஆள், கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர் இரட்சகர். உன் வீட்டில் தங்கவேண்டும் என்று அவர் சொன்ன பிறகுதான் இவன் வாயிலிருந்து நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று வந்தது. நீங்கள் முகம் கழுவி, கணக்கு முடித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டிய பெரிய மனுஷர் இல்லை அவர். "நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாய் இருக்கிறேன்" என்று தன்னைப் பற்றித் தானே சொன்னவர். எடுத்தேன், பேசாமல் இருந்தேன் என்று இன்றைக்கு ராத்திரியே, வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு, அழகுபடுத்தாமல் அவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் வெள்ளி. அன்றைய விலைக்குப் பணமாகக் கொடுக்காதீர்கள், எடையாகக் கொடுங்கள், இப்போது வெள்ளி விற்கிற விலைக்கு அதுதான் நியாயம். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது, அந்தக் கணக்கில் 96 கிராம் வரும். ஒரே தடவையில் முடியாவிட்டால் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். யாருக்கும் தெரியாமல் வெள்ளியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தால் என்ன என்று தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கும், ஆனால் அப்போது அந்தப் பையன் திருடனாகவே இருப்பான். முதலாளிக்கு நீங்கள் தர வேண்டியது 96 கிராம். அவனுக்குத் தர வேண்டியது அவன் பெயர், அதற்கு எந்தத் தராசும் இல்லை. முதலாளியிடம் உங்கள் வாயால் சொல்லத்தான் வேண்டும், அவர் கோபப்படலாம், வேலையும் போகலாம், போகாது என்று நான் பொய்யாகத் தைரியம் சொல்ல மாட்டேன். தனியாகப் போகாதீர்கள், ஆயரம்மாவையோ நம்பிக்கையான ஒரு மூப்பரையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஜெபக்கூட்டத்தில் மட்டும் எழுந்து சொல்லிவிடாதீர்கள், நம் சபைகளில் ஜெபக்குறிப்பு எவ்வளவு வேகமாக ஊர் சுற்றும் என்று நமக்குத் தெரியாதா? பையனை எங்கே இருந்தாலும் தேடிப் பாருங்கள். அவன் உடனே மன்னிக்காவிட்டால் அவனைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: காபித் தோட்டத்தில் வேலை. குடியை விட்டுவிட்டேன் என்று சபையில் மூன்று தடவை சாட்சி சொல்லிவிட்டேன். சேலம் இறங்கினால் மறுபடி குடித்துவிட்டுத்தான் மலை ஏறுகிறேன். இனி எந்த முகத்தோடு ஆண்டவரிடம் போவேன்?
ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: இதே முகத்தோடு போங்கள் தம்பி, அவர் மங்கியெரிகிற திரியை அணைக்கிறவர் இல்லை (ஏசாயா 42:3). நாலாவது தடவை மேடை மட்டும் ஏற வேண்டாம், டாக்டரிடம் போங்கள். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அதனால் தானாக நிறுத்தாதீர்கள், சேலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி மனசு ரொம்ப உடைந்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் போட்டுப் பேசலாம், காசு கிடையாது. சம்பளம் வீட்டம்மா கையில் இருக்கட்டும், சேலம் இறங்குகிற நாளில் குடிக்காத ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள், திரும்பும்போதும் அவரோடேயே பஸ் ஏறுங்கள்.